சான்றிதழ் இருக்கட்டும், பயிற்சி எங்கே எடுத்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோர்ட் வாசலை மிதிக்காமல் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் கொஞ்ச நாளாக எழுதி வருகிறீர்கள். நல்ல விஷயம்தான். தாத்தா பெயரிலேயே இன்னும் இருக்கும் பட்டா, அதை வைத்துப் பேரப்பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் பாகப்பிரிவினை வழக்கு, தோட்டத்துக்கு நடுவே போகும் நடைபாதைத் தகராறு, ஊற்றுத் தண்ணீர் யாருக்கு என்ற சண்டை, இதெல்லாம் இல்லாத ஊரைக் கோத்தகிரிப் பக்கம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி இறங்கியே நரைத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். எனவே மத்தியஸ்தம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் கட்டுரைகள் எல்லாம் ‘தகுந்த மத்தியஸ்தரை அணுகவும்’ என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன, தகுந்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை யாரும் எழுதுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மலையில் விசிட்டிங் கார்டுகளிலும் வாட்ஸ்அப் விளம்பரங்களிலும் ‘சான்றளிக்கப்பட்ட மத்தியஸ்தர்’, ‘சர்வதேச அங்கீகாரம் பெற்றவர்’ என்றெல்லாம் பார்க்கிறோம். சான்றளித்தது யார், எதற்காக அளித்தார்கள் என்று கேட்டால் பலருக்குக் கோபம் வந்துவிடுகிறது. நீதிமன்றம் நடத்திய பயிற்சியில் முழுதாக உட்கார்ந்து, அப்புறம் அனுபவசாலியின் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகி வந்தவருக்கும் சான்றிதழ் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்து வைத்துவிட்டு இலை பறிப்பைப் பார்க்கப் போனவருக்கும் சான்றிதழ் உண்டு. ஃபிரேம் போட்டு மாட்டினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வக்கீல் என்றால் பார் கவுன்சிலில் பதிவு வேண்டும், தப்பு செய்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். டாக்டருக்கும் அப்படித்தான். மத்தியஸ்தர் என்று போர்டு மாட்டிக்கொள்ள அப்படி ஒரு கட்டாயம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்ததில்லை. 2023-ல் நாடாளுமன்றம் மத்தியஸ்தச் சட்டம் கொண்டுவந்தது. இந்திய மத்தியஸ்தப் பேரவை என்று ஒன்றை அமைக்க வேண்டும், மத்தியஸ்தர்களைப் பதிவு செய்வது, யார் பயிற்சி கொடுக்கலாம் என்று அங்கீகரிப்பது, நடத்தை விதிகள் வகுப்பது எல்லாம் அதன் வேலை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டத்தின் எல்லாப் பிரிவுகளும் ஒரே நாளில் அமலுக்கு வந்துவிடவில்லை, 2023 அக்டோபரில் சில பிரிவுகள் மட்டும்தான் வந்தன. எனவே ‘புதுச் சட்டப்படி நான் அங்கீகாரம் பெற்றவன்’ என்று யாராவது சொன்னால், எந்த அமைப்பிடம் பெற்றீர்கள், பதிவு எண் என்ன என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. அமெரிக்காவிலேயே நாடு முழுவதற்குமான உரிமம் என்று இதற்குக் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. டெக்சாஸில் நீதிமன்றம் நியமிக்கும் மத்தியஸ்தருக்கு 40 மணி நேர வகுப்பு, குழந்தை யாரிடம் இருப்பது போன்ற குடும்ப வழக்கென்றால் அதற்கு மேல் இன்னும் 24 மணி நேரம்.

அந்த 40 மணி நேரக் கணக்கு நமக்கும் புதிதல்ல. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவு 2002-ல் புது உருவில் அமலுக்கு வந்து, வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பலாம் என்றபோது, அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். அந்த வழக்கில் 2002-லும் 2005-லும் வந்த தீர்ப்புகளை ஒட்டித்தான் மத்தியஸ்தத்துக்கான மாதிரி விதிகள் உருவாயின. நாட்டிலேயே முதல்முறையாக நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் தொடங்கியது சென்னை உயர் நீதிமன்றத்தில், 2005 ஏப்ரல் 9-ம் தேதி. அதே நாளில் உச்ச நீதிமன்றமும் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. மத்தியஸ்தர் ஆக 40 மணி நேரப் பயிற்சி, அதோடு 10 உண்மையான மத்தியஸ்தங்கள் தேவை என்ற அளவுகோல் அந்தக் குழு வழியாக வந்தது. ஆகவே நீங்கள் ஒருவரிடம் போய் ‘எத்தனை மணி நேரம்’ என்று கேட்கும்போது அதட்டலாகவோ அவமரியாதையாகவோ கேட்கவில்லை, இருபது வருடமாக இருக்கும் ஓர் அளவுகோலை வைத்துத்தான் கேட்கிறீர்கள்.

40 மணி நேரம் என்றால் நாளுக்கு எட்டு மணி வீதம் ஐந்து நாள். இது பெரிய படிப்பா என்றால் இல்லை, என்னைக் கேட்டால் குறைந்தபட்சம் என்றுதான் சொல்வேன். ஒழுங்காக நடத்தினால் அந்த ஐந்து நாளில் பாதி நேரம் நடித்துப் பார்ப்பதிலேயே போகும். ஒருவர் அண்ணனாக, ஒருவர் தங்கையாக, ஒருவர் மத்தியஸ்தராக உட்காருவார்கள், பயிற்சியாளர் ஓரமாக இருந்து பார்த்துவிட்டு, இந்த இடத்தில் நீ அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டாய், இந்தக் கேள்வியை நீ கேட்ட விதத்தில் தங்கை வாயை மூடிக்கொண்டுவிட்டாள் என்று எடுத்துச் சொல்வார். கேட்டுக்கொண்டே இருக்கப் பழகுவது, இரு தரப்பையும் சேர்த்து வைத்துப் பேசுவது, தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது, தனியாகச் சொன்னதை அனுமதி இல்லாமல் அடுத்தவர் காதில் போடாமல் இருப்பது, கடைசியில் உடன்பாட்டை ஓட்டை இல்லாமல் எழுதுவது, இவைதான் பாடம். சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்வதல்ல. லைசென்ஸ் வைத்திருக்கும் சமவெளி டிரைவர் எல்லோரும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை இறக்கிவிட முடியுமா? அதுபோல வகுப்பில் உட்கார்ந்ததோடு நின்றவருக்கும் பத்துப் பேர் கத்தும் அறையில் உட்கார்ந்து பழகியவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

விளம்பரங்களில் நான்கு சங்கதிகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள், கவனித்தீர்களா? ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டி உறுப்பினர் ஆவது ஒன்று. பயிற்சி வகுப்பை முடித்தது ஒன்று, அதற்குக் கொடுக்கும் தாள் பெரும்பாலும் ‘கலந்துகொண்டார்’ என்றுதான் சொல்லும். செய்து காட்டச் சொல்லி, ஆள் வைத்து மதிப்பிட்டு, தேறினார் என்று கொடுப்பது இன்னொன்று. நீதிமன்றமோ ஒரு மத்தியஸ்த மையமோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டு வழக்கு அனுப்புவது நான்காவது, இதில் மட்டும்தான் சரியில்லை என்றால் பட்டியலில் இருந்து நீக்கவும் ஆள் உண்டு. எனக்கு இந்த நான்காவது பெரிது. முதலாவதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. சர்வதேசம் என்று போட்டிருந்தாலும் இதே கேள்விதான். நெதர்லாந்தின் ஹேக் நகரில் உருவான சர்வதேச மத்தியஸ்த நிறுவனம் போன்றவை தாமே வகுப்பு நடத்துவதில்லை, தரத்தை வகுத்து அதன்படி மதிப்பிடும் அமைப்புகளுக்கு ஒப்புதல் கொடுக்கின்றன. அப்படிப்பட்ட மதிப்பீட்டில் தேறியவர் என்றால் நிச்சயம் மரியாதைக்குரியவர். அதற்காக ஏற்றுமதி கம்பெனித் தகராறுகளைத் தீர்த்தவர் நம்மூர் ஊற்றுத் தண்ணீர்ச் சண்டைக்குப் பொருத்தமானவர் என்றும் ஆகிவிடாது, அதையும் பார்க்க வேண்டும்.

‘நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடித்துக் கொடுத்திருக்கிறேன்’ என்று சொல்பவர்கள் உண்டு. மத்தியஸ்தம் ரகசியமாக நடப்பது, அவர் சொல்லும் கணக்கை நீங்கள் எங்கே போய்ச் சரிபார்ப்பீர்கள்? அதோடு, முடித்துவைப்பது மட்டும் திறமை என்று எடுத்துக்கொண்டால் இளைத்தவரை அழுத்தி முடித்துவைப்பவர்தான் முதல் இடத்தில் வருவார். இன்னும் சிலர் தங்கள் பெருமையைச் சொல்லும்போது, இன்னார் வீட்டு விவகாரத்தை நான்தான் தீர்த்தேன், அந்தப் பெண் என்ன சொன்னாள் தெரியுமா என்று பேர் ஊரோடு கதை சொல்வார்கள். அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டுக் கதை கூக்கல்தொரை டீக்கடையில் ஓடும். கேட்க வேண்டிய விதம் வேறு: எந்த மாதிரி வழக்குகள், சொத்தா, குடும்பமா, வியாபாரமா, தனியாக நடத்தினீர்களா இல்லை கூட இருந்து பார்த்தீர்களா, கடைசியாகப் பயிற்சியைப் புதுப்பித்தது எப்போது, உங்கள் மேல் குறை இருந்தால் நான் யாரிடம் சொல்ல வேண்டும்? ஒழுங்கான ஆள் இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்.

இன்னொரு கேள்வி, மலையில் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்: எதிர்த்தரப்புக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு? சென்னையில் இதைக் கேட்க வேண்டிய அவசியம் எப்போதாவது வரலாம். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சான், சம்பந்தி, இல்லையென்றால் இலை வாங்குபவர், கடன் கொடுத்தவர். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் பாதைத் தகராறு. கீழ்த் தோட்டத்துக்காரர் இலை மூட்டையை லாரி நிற்கும் ரோட்டுக்கு ஏற்ற வேண்டுமென்றால் மேல் தோட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சான்றிதழ் மாட்டிய ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் மேல் தோட்டத்துக்காரரோடு இலை வியாபாரத்தில் கூட்டு என்பது கீழ்த் தோட்டத்துக்காரருக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது. ‘அதெல்லாம் ஒரு விஷயமா தம்பி, நான் பொதுவாகத்தான் பேசினேன்’ என்றாராம். பொதுவாகவே பேசியிருக்கலாம், ஆனால் அதை முன்கூட்டியே சொல்லி, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டிருக்க வேண்டும், 2023 சட்டத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதிக் கொடுத்த பத்திரமோ அதைவிட மோசம். ‘நாலடி பாதை விட வேண்டியது’ என்று இருந்ததே தவிர, சர்வே நம்பர் இல்லை, வரைபடம் இல்லை, எந்தப் பக்கத்து நாலடி என்று இல்லை, பதிவும் செய்யவில்லை. மேல் தோட்டம் கை மாறியதும் வாங்கியவர் வேலி போட்டுவிட்டு, இந்தத் தாளுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார். இப்போது இரண்டு தரப்பும் கோர்ட்டில்.

இதை எழுதுவதால் ஊர்ப் பெரியவர்களை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படுகர் ஊர்களான ஹட்டிகளில் ஊர்க்கூட்டம் கூடித் தீர்ப்பது எத்தனையோ தலைமுறையாக நடக்கிறது, நாலு சீமையிலும் அதற்கென்று மரியாதை இருக்கிறது, சின்னச் சின்னச் சண்டைகள் பல அங்கேயே முடிந்துபோவதால்தான் கோர்ட்டில் இன்னும் கூட்டம் ஏறாமல் இருக்கிறது. ஆனால் அது வேறு, மத்தியஸ்தம் வேறு. ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் முடிவு சொல்வார்கள், நாம் கேட்டுக்கொள்வோம். மத்தியஸ்தர் முடிவு சொல்லவே கூடாது, முடிவு நம்முடையது, வேண்டாம் என்றால் நடுவிலேயே எழுந்து போகலாம். இந்த வித்தியாசத்தை முதல் பத்து நிமிடத்தில் இரு தரப்புக்கும் விளக்காமல் நேராக ‘சரி, என்ன பிரச்சினை சொல்லுங்கள்’ என்று ஆரம்பிப்பவரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், அந்த விளக்கம்தான் பயிற்சியின் முதல் பாடம். கட்டப் பஞ்சாயத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஷனில் உட்கார வைத்து ‘எழுதிக் கொடுத்துட்டுப் போங்க’ என்று சிவில் தகராறை முடிப்பதையும் மத்தியஸ்தம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பெரிய பதவியில் இருந்தவர் என்றால் பயிற்சி தேவையில்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஓய்வு பெற்ற நீதிபதி, சீனியர் வக்கீல், தாசில்தாராக இருந்தவர். இவர்களில் அருமையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முப்பது வருடம் தீர்ப்பு எழுதிய கை தீர்ப்பு எழுதத்தான் துடிக்கும், வாதாடியே பழகிய வாய் ஒரு பக்கத்தின் வாதத்தைத்தான் முதலில் தேடும், அந்தப் பழக்கத்தை விடுவதற்கும்தான் அந்த ஐந்து நாள். அயோத்தி வழக்கில் 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மூவர் குழுவை அமைத்தபோது ஓய்வு பெற்ற நீதிபதி கலிஃபுல்லா, ஸ்ரீஸ்ரீ ரவிசங்கர், மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு ஆகியோரைப் போட்டார்கள். நீதிமன்ற அனுபவம், ஆன்மிகச் செல்வாக்கு, மத்தியஸ்தத்தையே தொழிலாகக் கொண்ட பயிற்சி என்று மூன்று விதம். அந்தப் பேச்சு பலிக்கவில்லை, வழக்கு விசாரணைக்கே போய் நவம்பரில் தீர்ப்பு வந்தது. இருந்தாலும் செல்வாக்கு மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றமே நினைத்திருக்கிறது, அது போதும் எனக்கு.

பயிற்சி மட்டும் இருந்து விஷயம் தெரியாவிட்டாலும் ஆபத்துதான். இதை யாரும் பேசுவதில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாகப்பிரிவினையை எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பங்கு உண்டா? தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது, அப்போது கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்கு மட்டும். 2005-ல் மத்திய அரசின் திருத்தம் கல்யாணம் ஆன, ஆகாத எல்லா மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப்போலவே உரிமை கொடுத்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம், 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறையாகப் பதிவு செய்து பிரித்துக்கொண்ட சொத்தை இது தொடாது. இப்படி ஒவ்வொரு தேதியிலும் ஒரு பெண்ணின் பங்கு தொங்குகிறது. இன்னொரு பக்கம், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடிகளுக்குப் பொருந்தாது என்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் மாவட்டம் இது. பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு சட்டம். இதில் ஒன்றும் தெரியாத மத்தியஸ்தர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், தன் பங்கு எவ்வளவு என்றே தெரியாத தங்கையை ‘அண்ணன்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளம்மா’ என்ற இடத்துக்குத்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.

மத்தியஸ்தர் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாதே என்று கேட்பீர்கள். சரிதான், ஒரு பக்கத்துக்கு வக்கீலாக அவர் ஆகக் கூடாது. ஆனால் ‘கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள், அவசரமில்லை’ என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? கூடலூர்ப் பக்கம் இன்னும் சிக்கல். 1969-ம் வருட ஜென்ம நில (பழைய பரம்பரை நிலக்கிழார் நில) ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் மாட்டிக்கொண்டு கிடக்கும் நிலத்தில் இரண்டு பேர் எல்லைத் தகராறைப் பேசித் தீர்க்கலாம், ஆனால் அந்தத் தாள் இருவருக்குமே பட்டா வாங்கித் தராது. அங்கே அரசாங்கம் மூன்றாவது ஆளாக நிற்கிறது. இதைத் தெரியாமல் ‘இனி இது உங்கள் நிலம்’ என்று எழுதிக் கொடுப்பவர் இருவரையும் கிணற்றில் தள்ளுகிறார்.

மொழியும் ஒரு தகுதிதான் என்பேன், எந்தச் சான்றிதழிலும் அது இருக்காது. வீட்டில் படுகு பேசும் பாட்டி, மலையாளம் கலந்து பேசும் பந்தலூர்க்காரர், இலங்கையிலிருந்து வந்து டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீட்டில் குடியேறிய குடும்பம், பணியர் பேச்சு பேசும் தொழிலாளி, இவர்கள் எல்லோரையும் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைக்கிறார்கள். அவரவர் பேச்சில் விளக்கிச் சொல்ல, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட ஆள் வேண்டும். மத்தியஸ்தருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளட்டும். எதிர்த்தரப்பின் மருமகனையே மொழிபெயர்க்க வைக்காமல் இருந்தால் சரி.

எல்லாவற்றையும் மத்தியஸ்தத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. எது ஏற்றது, எது ஏற்றதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ஆஃப்கான்ஸ் வழக்கில் ஒரு பட்டியலே போட்டது. குடும்பப் பங்கு, அக்கம்பக்கத்தினரின் பாதை உரிமை, ஆக்கிரமிப்பு எல்லாம் ஏற்றவை, ஆக நம்மூர்ச் சண்டையில் முக்கால்வாசி வந்துவிடுகிறது. குறிப்பான, கடுமையான மோசடிப் புகார், போலிப் பத்திரம், கிரிமினல் வழக்கு, மைனருக்கோ கோயில் தெய்வத்துக்கோ எதிராக உரிமை கோருவது, இவை ஏற்றவை அல்ல. கணவன் அடிக்கிறான் என்று வந்து நிற்கும் பெண்ணை அதே அறையில் அவனுக்கு எதிரே உட்கார வைத்து ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ என்பவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். பயிற்சி உள்ளவர் முதலில் தனியாகக் கூப்பிட்டு, பயம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்.

கடைசியில் கையில் வரும் தாளுக்கு என்ன பலம் என்பதையும் ஆரம்பத்திலேயே கேட்டுவிட வேண்டும். கோர்ட்டில் வழக்கு இருந்து, அங்கிருந்து சமரச மையத்துக்குப் போய் ராஜி ஆனால் அது திரும்ப நீதிபதியிடம் போய் டிக்ரி, அதாவது கோர்ட் தீர்ப்பாணை, ஆகிறது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அந்த உத்தரவும் டிக்ரிதான், அதற்கு அப்பீல் கிடையாது. வழக்கே இல்லாமல் தனியார் மத்தியஸ்தரிடம் எழுதிக்கொண்டது பழைய நிலைமைப்படி ஓர் ஒப்பந்தம் மட்டுமே, மீறினால் அதை வைத்துப் புதிதாக வழக்குப் போட வேண்டும். புதுச் சட்டத்தில் இதை மாற்றி அப்படிப்பட்ட உடன்பாட்டுக்கும் டிக்ரியின் பலம் உண்டு என்று எழுதியிருக்கிறது (2023 அக்டோபரில் அமலுக்கு வந்த பிரிவுகளில் இது இல்லை), ஆனால் ஊர் அமைதிக்காகச் சமுதாய அளவில் செய்யப்படும் மத்தியஸ்தத்துக்கு அந்தப் பலம் இல்லை என்றும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. நிலம் சம்பந்தப்பட்டது என்றால் பதிவு வேண்டுமா, முத்திரைக் கட்டணம் எவ்வளவு என்ற கேள்வி தனியாக இருக்கிறது. இதையெல்லாம் சொல்லாமல் ‘கையெழுத்துப் போட்டால் முடிந்தது’ என்று சொல்பவரிடம் எதையும் முடித்துக்கொள்ளாதீர்கள்.

பணம் இல்லாதவர்கள் தனியாரிடம் போக வேண்டியதே இல்லை. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தில் நாம் மத்தியஸ்தருக்குக் கட்டணம் கட்ட வேண்டாம். 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிட்டு வழி கேட்கலாம். வழக்குக்குக் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அதுவும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2021-ல், கோர்ட் அனுப்பாமல் தரப்பினர் வெளியே தாமாகவே பேசித் தீர்த்துக்கொண்டாலும் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? வக்கீலிடம் கேளுங்கள், உரிமையாகவே கேளுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. நம் மாவட்டத்துச் சமரச மையத்தின் பட்டியலில் இருக்கும் மத்தியஸ்தர்கள் யார் யார், ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரப் பயிற்சி எடுத்தவர், எந்த வகை வழக்குகளைப் பார்ப்பவர், என்னென்ன மொழி பேசுவார் என்று கேட்டு வாங்கி ஒரு நாள் அரைப் பக்கத்துக்குப் போடுங்கள். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் இதற்காக யாரை, எந்த நாளில், எங்கே போய்ப் பார்ப்பது என்பதையும் சேர்த்துப் போட்டால் நல்லது, ஊட்டி வரை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து விசாரிக்க எல்லோராலும் முடியாது. அதோடு உங்கள் விளம்பரப் பிரிவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: மத்தியஸ்தர் என்று விளம்பரம் கொடுக்க வருபவரிடம், பயிற்சி கொடுத்த அமைப்பின் பெயரையும் பயிற்சி நேரத்தையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி